கல்வி மந்திரியிடம் ஒரு கேள்வி

சபையில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்கிறார். அந்தத் துறைக்குப் பொறுப்பான மந்திரி எழுந்து விடை கூறுகிறார். விடை போதாதெனில் துணைக் கேள்வி பிறக்கிறது. அதற்கும் விடை வருகிறது. பின்னர்ச் சபை அடுத்த கேள்விக்குச் சென்றுவிடுகிறது. மறுநாட் பத்திரிகையில் நான்கு வரிகளில் வெளிவரும் இச்செய்தி, மாலைக்குள் மறக்கப்பட்டும் விடுகிறது. ஆயினும், ஒரு நாட்டின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இத்தகைய வினா விடைகள் பெரிதும் துணை செய்கின்றன. ஆள்வோர் எதனைத் தம் கடமையாகக் கருதினர், எதனை வெறும் கருணையாகக் கருதினர், எதனைக் காலம் வரட்டும் என்று தள்ளிவைத்தனர் என்பதெல்லாம் அவற்றிலே பதிந்து கிடக்கின்றன.

நம் நாட்டுப் பள்ளிக் கல்வியின் வரலாற்றிலும் அத்தகைய கேள்வி ஒன்று உண்டு. இந்நாட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தறிவிக்கும் பொறுப்பை அரசாங்கம் ஏற்குமா என்பதே அக்கேள்வி. இந்திய அரசாங்கத்தின் சட்டசபையில் அது தீர்மான வடிவில் எழுப்பப்பட்டது 1910-ஆம் ஆண்டில். நீதிமன்றத்திலே எடுத்துக்காட்டி வழக்காடக்கூடிய சட்டமாக அதற்கு விடை நடைமுறைக்கு வந்தது 2010-ஆம் ஆண்டில். இடையே சென்றது ஒரு நூற்றாண்டு. அந்த நூற்றாண்டில் பொறுப்பில் இருந்தவர்கள் கூறிய விடைகளைச் சற்றே வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

ஓர் அரசாங்கத்தின் விடையை எடைபோட மூன்று படிக்கற்கள் போதும். எந்த ஆண்டுக்குள் செய்து முடிப்பீர்கள்? யாருடைய பணத்தைக் கொண்டு செய்வீர்கள்? செய்யத் தவறினால் நாங்கள் யாரைக் கேட்பது? இம்மூன்றுக்கும் விடையளிக்காத உறுதிமொழி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது உறுதிமொழி ஆகாது. இந்தக் கற்களைக் கையில் வைத்துக்கொண்டே இவ்வரலாற்றைக் காண்போம்.

முதற்கண், கேள்வி கேட்கும் உரிமையே நம்மவர்க்கு எளிதில் கிடைத்துவிடவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சபையில் அங்கத்தினர் சட்டம் இயற்றுவதற்கு மட்டுமே கூடினர். நிருவாகத்தைப் பற்றிக் கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் கேள்வி கேட்க இடமளித்தது. ஆனால் கிடைத்த விடையைப் பற்றி விவாதிக்க இடமளிக்கவில்லை. 1909-ஆம் ஆண்டில் வந்த மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தால் கேள்வி கேட்டவரே துணைக் கேள்வி ஒன்றும் கேட்கலாம் என்றும், பொதுநலம் பற்றிய தீர்மானங்களைச் சபையில் கொண்டுவரலாம் என்றும் ஏற்பட்டது. இவ்வுரிமை கிடைத்த சில மாதங்களுக்குள் அதனைக் கல்விக்காகப் பயன்படுத்தியவர் கோபால கிருஷ்ண கோகலே.

கோகலே 1866-இல் இரத்தினகிரி மாவட்டத்தில் கோத்லுக் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். புனாவில் பெர்குசன் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். பள்ளி மாணவர்க்கென எண்கணித நூல் ஒன்றும் எழுதியவர். 1902 முதல் வைசிராயின் சட்டசபையில் அங்கத்தினராக வீற்றிருந்த அவர், ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசுவார். அப்பேச்சில் ஆரவாரம் இராது, புள்ளிவிவரம் இருக்கும். 1905-இல் அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை அவருக்குப் பின் ஏற்றவர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த சீனிவாச சாஸ்திரியார். கல்வியின் அருமையை அனுபவத்தால் அறிந்த ஆசிரியர்களே அச்சங்கத்தை முன்னின்று நடத்தினர் என்பது கருதத்தக்கது.

அன்றைய நிலை என்ன? 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இந்தியாவில் எழுத்தறிந்தோர் 100-க்கு ஏறத்தாழ 6 பேர். ஆண்களில் 100-க்கு 10 அல்லது 11 பேர். பெண்களில் 100-க்கு ஒருவர். மக்கள் தொகையில் எத்தனை பங்கினர் தொடக்கப் பள்ளிகளில் பயில்கின்றனர் என்பதைக் கோகலே நாடுதோறும் ஒப்பிட்டுச் சபையில் எடுத்துரைத்தார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 100-க்கு 21 பேர், ஜப்பானில் 11 பேர், இலங்கையில் 6.6 பேர், பரோடா சமஸ்தானத்தில் 5 பேர், பிரிட்டிஷ் இந்தியாவிலோ 1.9 பேர். இவ்வெண்களே அவருடைய வாதத்தின் தொடக்கமும் முடிவுமாக இருந்தன.

பரோடாவை அவர் எடுத்துக்காட்டியதில் ஒரு கூர்மை உண்டு. அங்கே அரசர் சயாஜிராவ் கெய்க்வாட் 1893-இல் அம்ரேலிப் பகுதியில் கட்டாயக் கல்வியைத் தொடங்கிப் பார்த்தார். 1906-இல் அதனைத் தம் நாடு முழுவதற்கும் விரித்தார். பரோடாவின் குடிமக்களும் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமக்களும் ஒரே மொழி பேசுவோர். ஒரே தொழில் செய்வோர். எல்லைக் கோட்டின் இருபுறமும் வாழும் உறவினர். அங்கே ஆகக்கூடியது இங்கே ஏன் ஆகாது? மேனாட்டை உவமை காட்டினால், 'அந்நாடு வேறு, இந்நாடு வேறு' என்று கூறிவிடலாம். பரோடாவைக் காட்டினால் அப்படிக் கூற இயலாதன்றோ?

1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ஆம் நாள் கோகலே தம் தீர்மானத்தைக் கொணர்ந்தார். தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்குவதற்குத் தொடக்கம் செய்ய வேண்டும். அதற்கான திட்டத்தை வகுக்க அதிகாரிகளும் அதிகாரிகள் அல்லாதாரும் கலந்த குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அரசாங்கம் இதனைக் கவனமாக ஆராயும் என்று விடை வந்தது. அதனை ஏற்றுக் கோகலே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அன்று இந்திய அரசாங்கத்தில் கல்விக்கெனத் தனி இலாகாவே கிடையாது. சிறைச்சாலையையும் போலீசையும் கவனித்துக்கொண்ட உள்நாட்டு இலாகாவே கல்வியையும் கவனித்து வந்தது. 1910-ஆம் ஆண்டு நவம்பரில் கல்வி இலாகா தனியே தோற்றுவிக்கப்பட்டது. அதன் பொறுப்பை முதன்முதலாக ஏற்றவர் சர் ஹார்கோர்ட் பட்லர். வைசிராயின் நிருவாக சபையில் கல்வி உறுப்பினர் என்பது அவர் பதவியின் பெயர். இன்றைய வழக்கில் கல்வி மந்திரி எனலாம். கேள்விகளுக்கு விடைகூற ஒருவர் வந்துவிட்டார். கேட்பவரும் ஆயத்தமாக இருந்தார்.

1911-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள் கோகலே தொடக்கக் கல்வி மசோதாவைச் சபையின் முன் வைத்தார். இதனைப் படித்துப் பார்ப்போர் இதன் அடக்கத்தைக் கண்டு வியப்பர். நாடு முழுவதற்கும் உடனே கட்டாயக் கல்வி வேண்டும் என்று அது கூறவில்லை. நகரசபையோ ஜில்லா போர்டோ விரும்பினால், மாகாண அரசாங்கத்தின் இசைவைப் பெற்று, தன் எல்லைக்குள் கட்டாயக் கல்வியை ஏற்படுத்திக்கொள்ளலாம். அதுவும், குறிப்பிட்ட விகிதத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே பள்ளியில் பயிலும் இடங்களில் மட்டும். வயது 6 முதல் 10 வரை. முதலில் ஆண் குழந்தைகளுக்கு. பெண் குழந்தைகளுக்குப் பின்னர் விரிக்கலாம். வீட்டிலிருந்து ஒரு மைல் தொலைவிற்குள் பள்ளி இல்லையென்றால் கட்டாயம் இல்லை. நோய், பயிர்த்தொழிலின் பருவத் தேவை முதலியவற்றிற்கு விலக்கு உண்டு. மாதம் 10 ரூபாய்க்கு மேற்படாத வருமானமுடைய குடும்பத்துப் பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கலாகாது. செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கமும் ஒரு பங்கை உள்ளூர் அமைப்பும் ஏற்பது அவர் கருதிய முறை. வேண்டுமானால் உள்ளூர் அமைப்பு கல்வி வரி விதித்துக்கொள்ளலாம்.

இதனினும் மென்மையாக ஒரு மசோதாவை எழுத முடியுமா என்பது ஐயமே. ஆயினும் மசோதா மாகாண அரசாங்கங்களின் கருத்துக்கு அனுப்பப்பட்டபோது அவை ஆதரிக்கவில்லை. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு 18, 19 ஆகிய நாட்களில் சபையில் விவாதம் நடந்தது. மதன் மோகன் மாளவியா, மஜரூல் ஹக், முகம்மது அலி ஜின்னா முதலியோர் கோகலேக்குத் துணை நின்றனர். எல்லாவற்றிற்கும் தடையாகப் பணத்தைக் காட்டுகிறீர்களே, மூன்று கோடி ரூபாயைத் தேடுவது இப்பேரரசின் கருவூலத்திற்கு இயலாத காரியமா என்பது ஜின்னாவின் வாதம்.

பட்லர் கூறிய விடை என்ன? அவர் கல்விக்குப் பகைவர் அல்லர்; கோகலேயிடம் மதிப்பு வைத்திருந்தவர். கல்வி பரவ வேண்டும் என்பதில் தமக்கும் உடன்பாடே என்றார். ஆனால் காலம் இன்னும் கனியவில்லை என்றார். மக்களிடமிருந்து இக்கோரிக்கை எழவில்லை. மாகாண அரசாங்கங்கள் எதிர்க்கின்றன. படித்தவர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. விரும்பி வருவோர்க்கே இன்னும் போதிய பள்ளிகள் இல்லாதபோது கட்டாயம் எதற்கு? இவையே அவர் விடையின் சாரம். சபையில் நிலக்கிழார்கள் சிலருக்கு வேறோர் அச்சமும் இருந்தது. உழவர் மக்களும் கூலியாட்களின் மக்களும் படித்துவிட்டால் வயலில் இறங்கி வேலை செய்வோர் யார் என்பது அது.

இவ்விடையை நம் மூன்று படிக்கற்களில் வைத்துப் பார்ப்போம். எந்த ஆண்டுக்குள் என்பதற்குக் காலம் கனியட்டும் என்பது விடை. யார் பணம் என்பதற்கு இயன்றபோது இயன்றது என்பது விடை. யாரைக் கேட்பது என்பதற்கு விடையே இல்லை. பரிவு மட்டும் நிறைய இருந்தது.

மக்கள் விரும்பவில்லை என்ற வாதம் எவ்வளவு வலுவற்றது என்பதற்குச் சென்னை மாகாணத்தின் பழைய ஏடுகளே சான்று. கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டு நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, இம்மாகாணத்தில் பள்ளிகளும் உயர்கல்விச் சாலைகளுமாக 12,498 இருந்தன. அஃதாவது ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒரு பள்ளி. அவை பெரும்பாலும் ஊரார் தம் கைப்பொருளால் நடத்திய திண்ணைப் பள்ளிகள். பெண்களுக்கும் பல சாதியாருக்கும் அவற்றில் இடம் மிகக் குறைவு என்பது உண்மையே. எனினும், அரசாங்கம் ஒரு காசும் கொடாத காலத்தில் ஆசிரியருக்கு நெல்லும் காசும் அளந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த மக்களைப் பார்த்து, இவர்கள் கல்வியை விரும்பாதவர்கள் என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

வாக்கெடுப்பு நடந்தது. மசோதாவை ஆதரித்தோர் 13 பேர். எதிர்த்தோர் 38 பேர். சபையில் அதிகாரிகளே பெரும்பான்மையினராதலால் முடிவு முன்னரே தெரிந்ததுதான். கோகலேயும் அதனை அறிந்தே பேசினார். அன்று மாலைக்குள் தம் மசோதா தள்ளப்பட்டுவிடும் என்பது தமக்குத் தெரியும் என்றும், அதுபற்றித் தமக்கு மனச்சோர்வு இல்லை என்றும் கூறினார். இங்கிலாந்திலும் 1870-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன் எத்தனையோ முயற்சிகள் வீழ்ந்தன என்பதை நினைவூட்டினார். இத்தலைமுறையினர் தம் வெற்றிகளால் அன்று, தோல்விகளாலேயே நாட்டுக்குத் தொண்டு செய்ய இயலும் என்ற கருத்தை அவர் அன்று வெளியிட்டார்.

ஆனால் அக்கேள்வி பயனின்றிப் போகவில்லை. 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த டில்லி தர்பாரில், மக்கட் கல்விக்காக ஆண்டுதோறும் 50 லட்சம் ரூபாய் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 1913-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் இந்திய அரசாங்கம் கல்விக் கொள்கைத் தீர்மானம் ஒன்றை வெளியிட்டது. கட்டாயத்தை அது ஏற்கவில்லை. ஆயினும், அப்போதிருந்த சுமார் 1,00,000 ஆண்கள் தொடக்கப் பள்ளிகளுடன் 91,000 பள்ளிகளைப் புதிதாகச் சேர்த்து, நாற்பத்திரண்டரை லட்சம் மாணவர்களை இருமடங்காக்க வேண்டும் என்ற விருப்பத்தைத் தெரிவித்தது. மசோதாவைத் தள்ளியவர்களே அதன் பெயரைக் கூறாமல் அதன் வழியிற் சில அடிகள் நடக்க வேண்டியதாயிற்று. ஆனால் விருப்பம் வேறு, கடமை வேறு. அத்தீர்மானத்திலும் எந்த ஆண்டுக்குள் என்பது எழுதப்படவில்லை.

1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் கோகலே மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1918-இல், பம்பாய்ச் சட்டசபையில் வித்தல்பாய் பட்டேல் அதே கருத்தை நகரசபைகளுக்கான சட்டமாக நிறைவேற்றினார். அடுத்த இரண்டாண்டுகளில் மாகாணங்கள் பலவும் அதைப் பின்பற்றின. சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் 1920-ஆம் ஆண்டில் வந்தது. 1912-இல் காலம் கனியவில்லை என்று தள்ளப்பட்ட கொள்கை, எட்டே ஆண்டுகளில் மாகாணந்தோறும் சட்டமாயிற்று.

அதன்பின் இரட்டையாட்சி வந்தது. 1921 முதல் மாகாணங்களில் கல்விப் பொறுப்பு இந்திய மந்திரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்போது சபையில் கேள்விக்கு விடைகூறுபவர் நம்மவரே. ஆனால் கருவூலத்தின் சாவி அவரிடம் இல்லை. நிதி இலாகா கவர்னரின் நிருவாக சபையினரிடமே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. பள்ளி ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் மந்திரி விடை கூற வேண்டும். பணம் ஏன் தரவில்லை என்று கேட்டால் விடைகூறுபவர் வேறொருவர். பொறுப்பு ஓரிடத்திலும் அதிகாரம் வேறோரிடத்திலும் இருந்தால் என்ன விளையும் என்பதை 1929-இல் வெளிவந்த ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை காட்டிற்று. 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளில், 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர் 18 பேரே. ஏனையோர் இடையில் நின்றனர். அல்லது இருந்த வகுப்பிலேயே தேங்கினர். பள்ளியில் பெயர் பதிவதும் கல்வி பெறுவதும் ஒன்றல்ல என்ற உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது.

1944-இல் சார்ஜண்ட் திட்டம் வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று அது கூறிற்று. முதன்முறையாக எந்த ஆண்டுக்குள் என்பதற்கும் விடை கூறிற்று: நாற்பது ஆண்டுகளில். விடுதலையை எதிர்நோக்கியிருந்த நாட்டுக்கு அது மிக நீண்ட காலமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இனி, அரசியல் நிர்ணய சபைக்கு வருவோம். அடிப்படை உரிமைகளை வகுத்த துணைக்குழுவின் முதல் வரைவில் இலவசத் தொடக்கக் கல்வி, குடிமகன் நீதிமன்றத்தில் கோரத்தக்க உரிமையாகவே இருந்தது. 1947-இல் ஆலோசனைக் குழு அதனை அப்பகுதியிலிருந்து எடுத்து, நீதிமன்றம் தலையிட இயலாத வழிகாட்டு நெறிகளுக்கு மாற்றிவிட்டது. 1948-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் அப்பிரிவு சபையில் விவாதத்திற்கு வந்தது. சட்ட மந்திரியும் வரைவுக் குழுவின் தலைவருமான டாக்டர் அம்பேத்கர் விடைகூறினார். அப்பிரிவின் தொடக்கத்தில், ஒவ்வொரு குடிமகனும் இலவசத் தொடக்கக் கல்விக்கு உரிமையுடையவன் என்ற சொற்கள் இருந்தன. வழிகாட்டு நெறிகளுக்குள் உரிமை என்று கூறுவது பொருந்தாது. ஆகையால் அச்சொற்களை நீக்க வேண்டும் என்று பண்டித லட்சுமி காந்த மைத்ரா திருத்தம் கொணர்ந்தார். அம்பேத்கர் அதனை ஏற்றுக்கொண்டார்.

ஆனால் நசிருத்தீன் அகமது கொணர்ந்த மற்றொரு திருத்தத்தை அவர் ஏற்கவில்லை. கல்வி என்றிருப்பதைத் தொடக்கக் கல்வி என்று சுருக்க வேண்டும் என்பது அது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேலைக்கு வைக்கலாகாது என்று அரசியலமைப்பு மற்றோரிடத்தில் விதிக்கிறது. வேலையில்லாத அக்குழந்தையைப் பள்ளியில் வைத்திருப்பது அரசின் கடமையல்லவா என்று அம்பேத்கர் விளக்கினார். தொழிற்சாலையின் வாயிலை அடைக்கும் கையே பள்ளியின் வாயிலைத் திறக்கவும் வேண்டும் என்பது இதன் பொருள். கோகலே பத்து வயதோடு நிறுத்திய எல்லை, இவ்விடையால் பதினான்கு வயதுக்கு உயர்ந்து நிலைபெற்றது.

இவ்வாறு அமைந்ததே அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு. பத்தாண்டுகளுக்குள் என்று அது காலம் குறித்தது. முதற் படிக்கல்லுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் முயல வேண்டும் என்றே கூறியதால், தவறினால் யாரைக் கேட்பது என்பதற்கு விடை இல்லை.

1960 வந்தது, போயிற்று. குறித்த கடமை நிறைவேறவில்லை. எனினும் எல்லா இடங்களிலும் ஒரே நிலை இருந்ததாகக் கூறுவதற்கில்லை. சென்னை மாநிலத்தில் காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்விப் பொறுப்பும் நிதிப் பொறுப்பும் சி. சுப்பிரமணியம் என்னும் ஒரே மந்திரியிடம் இருந்தன. கேள்விக்கு விடைகூறுபவரும் கருவூலத்தைத் திறப்பவரும் ஒருவரே ஆயினர். சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டதும், ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கப்பட்டதும் அக்காலத்திலேதான். இரட்டையாட்சிக் காலத்தின் குறை எது என்பதை இது தெளிவாக விளக்குகிறது.

மத்திய அரசில் 1963 முதல் 1966 வரை கல்வி மந்திரியாக இருந்தவர் எம். சி. சாக்ளா. தலைமை நீதிபதியாக இருந்து அரசியலுக்கு வந்தவர். 45-ஆம் பிரிவைப் பற்றி அவர் 1964-இல் கூறியது, மந்திரிகளின் விடைகளில் அரிதாகக் காணப்படும் நேர்மையுடையது. குடிசை போட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, பயிற்சியில்லாத ஆசிரியரையும் தரமில்லாத பாடநூலையும் தந்து, விளையாட இடமும் தராமல், நாங்கள் 45-ஆம் பிரிவை நிறைவேற்றிவிட்டோம் என்று கூறிக்கொள்வதை அரசியலமைப்பை வகுத்தோர் கருதவில்லை என்பது அவர் கருத்து. தலைகளை எண்ணிக் கணக்குக் காட்டும் வழக்கத்தை, கணக்குக் காட்டும் பொறுப்பில் இருந்தவரே கண்டித்தார்.

அவர் காலத்தில்தான் டாக்டர் கோத்தாரியின் தலைமையில் கல்விக் குழு அமைந்தது. 1966-இல் அது அறிக்கை தந்தது. நாட்டு வருமானத்தில் 100-க்கு 6 பங்கைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கூறி, பணத்தைப் பற்றிய கேள்விக்கு ஓர் அளவைக் காட்டிற்று. 1968-இல் முதல் தேசியக் கல்விக் கொள்கை அதனை ஏற்றது. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாறியது.

இடையே ஆண்டுக் கணக்கு என்ன ஆயிற்று? அரசியலமைப்பு குறித்தது 1960. கோத்தாரிக் குழு, ஐந்தாண்டுக் கல்விக்கு 1975-76 என்றும், ஏழாண்டுக் கல்விக்கு 1985-86 என்றும் குறித்தது. 1986-ஆம் ஆண்டுக் கொள்கை, 14 வயது வரையிலான கல்விக்கு 1995 என்று குறித்தது. 1992-இல் அது திருத்தப்பட்டபோது, இருபத்தொன்றாம் நூற்றாண்டு பிறப்பதற்கு முன் என்றாயிற்று. நாற்பது ஆண்டு மிக நீண்ட காலம் என்று சார்ஜண்ட் திட்டத்தைக் குறைகூறிய நாடு, அந்நாற்பது ஆண்டையும் கடந்துவிட்டது. மந்திரிகள் மாறுவதும் ஆண்டுகள் மாறுவதும் ஏட்டில் எளிய செயல்கள். ஆனால் ஆறு வயதுக் குழந்தை, அரசாங்கம் ஆயத்தமாகும் வரையில் ஆறு வயதிலேயே நிற்பதில்லை. ஒருமுறை கெடு தள்ளிவைக்கப்பட்டால் ஒரு தலைமுறையின் பள்ளிப் பருவமே கடந்துவிடுகிறது.

தவறினால் யாரைக் கேட்பது என்ற மூன்றாவது கேள்விக்கு விடை சட்டசபையிலிருந்து வரவில்லை. முதலில் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில், 14 வயது வரை கல்வி பெறுவது உயிர் வாழும் உரிமையோடு ஒட்டிய அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002-இல் 86-ஆவது திருத்தம் அதனை அரசியலமைப்பிலேயே 21அ என்ற பிரிவாகச் சேர்த்தது. 2009-இல் நிறைவேறிய இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தையும் கோகலேயின் மசோதாவையும் அருகருகே வைத்துப் படிப்பது பயன் தரும். அவர் ஒரு மைல் என்றார். இதன் விதிகள் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன. அவர் ஆண் பிள்ளைகளிலிருந்து தொடங்கினார்; இது வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளையும் தழுவுகிறது. எல்லாவற்றினும் முதன்மையான வேறுபாடு, கட்டாயம் என்ற சொல்லின் பொருளில் உள்ளது. 1911-இல் கட்டாயம் என்பது பெற்றோரைக் கட்டுப்படுத்தியது. பிள்ளையை அனுப்பாத தந்தைக்கு அபராதம். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ கட்டாயம் என்பது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. பள்ளியை அமைப்பதும், பிள்ளையைச் சேர்ப்பதும், அது வருமாறு செய்வதும், எட்டாம் வகுப்பு வரை படித்து முடிக்குமாறு பார்ப்பதும் அரசின் கடமை என்று அச்சட்டமே அச்சொல்லுக்கு விளக்கம் தருகிறது. பட்லர் தள்ளிவைத்த பொறுப்பு, தொண்ணூற்றெட்டு ஆண்டுகளுக்குப் பின், அவர் அமர்ந்திருந்த இடத்திற்கே வந்து சேர்ந்தது.

இதனால் எல்லாம் முடிந்துவிட்டதெனக் கருதலாகாது. பணம் பற்றிய இரண்டாம் கேள்வி இன்னும் நிற்கிறது. 1966-இல் சொல்லப்பட்ட 100-க்கு 6 பங்கு என்பது, 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையிலும் அடையவேண்டிய இலக்காகவே மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஹார்ட்டாக் குழு எண்ணிய நூறு பிள்ளைகளும் நம்மை விட்டு அகலவில்லை. வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை அவ்வகுப்புக்குரிய பாடத்தைப் படிக்க வல்லதா என்பதே இன்றைய கவலை.

ஆகவே, பள்ளிக் கல்வியைப் பற்றி மந்திரி ஒருவர் சபையில் விடைகூறுவதைப் பத்திரிகையில் படிக்கும்போது, அந்த நான்கு வரிகளை விரைந்து கடந்துவிட வேண்டாம். ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறதா, பணத்திற்கு வழி காட்டப்பட்டிருக்கிறதா, பொறுப்பாளி யார் என்று கூறப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், குறையை எடுத்துக்காட்டி மீண்டும் கேட்பது அங்கத்தினரின் கடமை; அவரைக் கேட்கச் செய்வது நம் கடமை. பதின்மூன்று வாக்குகளோடு வீழ்ந்த கேள்வி ஒன்று நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம் பெற்றிருக்கிறது. அதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று என்பதுதான் வருந்தத்தக்கது. அடுத்த கேள்விக்கு அவ்வளவு காலம் ஆகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.